சூம்பிய காலுக்கு எது சரி: வீட்டுக்கு வரும் பிசியோவா, கிளினிக்கா, நாமே செய்வதா, ஜிம்மா?

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கிற தாளில் மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று பிரித்து எழுதப்பட்டிருக்கும். அடியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி. எங்கே, யாரிடம், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம், எதுவும் இருக்காது. மாத்திரைகள் சில வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த ஒரு வரிதான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடப்போகிறது.

முட்டி ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட கல்லூரிப் பையன், பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலில் பிளேட் வைத்தவர், அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடித்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டிய மகள் என்று கேட்பவர்கள் வேறு வேறு. கேள்வி ஒன்றுதான்: தலைப்பில் இருக்கிற நாலில் எதில் பணத்தைப் போடுவது?

நான் பிசியோதெரபிஸ்ட். வீடுகளுக்கும் போகிறேன், கிளினிக்கிலும் உட்காருகிறேன். என் பிழைப்பு இதில் கலந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். நான் பார்க்கும் பெரும்பாலான குடும்பங்கள் இதற்கென்று ஒதுக்கிய பணத்தை முதல் இரண்டு மாதத்திலேயே கரைத்துவிடுகின்றன. வலி குறைந்து, நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. தசை வளரத் தயாராகும் நேரமே அதுதான். ஆகவே எந்த இடம் என்பதோடு, எந்த மாதத்தில் எந்த இடம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## கால் ஏன் இத்தனை வேகமாக இளைக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிட ஆரம்பித்தால், யார் நன்றாகப் பேசுகிறாரோ அவரிடம் போய்ச் சேருவோம்.

ஆரோக்கியமான இளைஞர்களின் காலுக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், 5 நாளில் தொடையின் முன்தசை பருமனில் சுமார் 3.5 சதவீதமும் பலத்தில் சுமார் 9 சதவீதமும் போனது. 2 வாரத்தில் பருமன் 8 சதவீதம், பலம் 23 சதவீதம். அடிபடாத, ஆபரேஷன் ஆகாத கால்களிலேயே இந்தக் கதி. பலம் பருமனைவிட வேகமாகப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரு மாதம் கழித்து அளந்தபோது, ஆபரேஷனுக்கு முன் இருந்த முன்தொடை பலத்தில் பாதிக்கும் மேல் காணவில்லை. தசையின் பருமன் குறைந்திருந்தது 10 சதவீத அளவுதான். மீதி பலம் எங்கே போனது? தசைக்கு உத்தரவு போகவில்லை. முட்டிக்குள் நீர் கோத்தாலே, மூட்டிலிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவட மட்டத்தில் முன்தொடைத் தசையை அடக்கி வைக்கிறது. நல்ல முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரை ஊசியால் செலுத்தினாலே, முட்டிச் சில்லுக்கு மேல் உட்பக்கம் இருக்கும் தசை தளர்ந்துவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் குழி விழுவது அந்த இடத்தில்தான். “காலைத் தூக்கு என்று மனசு சொல்கிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது” என்று நோயாளிகள் சொல்வது கற்பனை இல்லை.

ஆக, இரண்டு சிக்கல்கள். முதல் சில வாரங்களில் உத்தரவு போகாதது பெரிய சிக்கல். அதற்கு வீக்கத்தை வடிய வைக்க வேண்டும், தசையை மறுபடி எழுப்ப வேண்டும். அப்புறம் வருவது, இளைத்த தசையைத் திரும்ப வளர்ப்பது. அதற்கு இருக்கும் நம்பகமான வழி பாரம்தான். முதல் சிக்கலுக்கான வைத்தியத்தையே ஆறு மாதம் செய்துகொண்டிருந்தால் இரண்டாவது தீராது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்கள் பார்க்கிறேன்.

பாரம் ஏறுமா? நாலாவது வாரம் செய்ததையே பன்னிரண்டாவது வாரமும் செய்தால், நாலாவது வாரக் கால்தான் இருக்கும். 1945இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் முட்டி அடிபட்ட சிப்பாய்களுக்கு இரும்புக் காலணி மாட்டி, வாரா வாரம் எடையைக் கூட்டினார். அதுவரை அப்படிப்பட்ட கால்களுக்கு லேசான எடையில் நிறைய தடவை ஆட்டுவதுதான் வழக்கம். பத்து பத்தாக மூன்று சுற்று என்று இன்று எல்லா ஜிம்மிலும் சொல்கிற கணக்கு அவர் வழியில் பரவியது. எடை தூக்கும் பயிற்சி மருத்துவத்துக்குள் நுழைந்ததே சூம்பிய தொடைகளை மீட்கத்தான்.

தடைகளை மதிக்குமா? ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லப்பட்டவரும், மறுநாளே ஊன்றலாம் என்று சொல்லப்பட்டவரும் ஒரே வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்ய முடியாது.

பார்க்க ஒரு கண் இருக்கிறதா? அடிபட்ட காலைக் காப்பாற்ற உடம்பு தானாகத் திருட்டு வேலை செய்யும். நாற்காலியிலிருந்து எழும்போது நல்ல காலில் முக்கால் எடை போய்விடும். செய்பவருக்கு அது தெரியவே தெரியாது.

தொடர்ந்து போக முடியுமா? மழை, ஆட்டோ, மாடிப்படி, அலுவலக லீவு எல்லாம் இதில் அடக்கம்.

ஆறு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு? ஒரு நாள் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம்.

## வீட்டுக்கு வரும் பிசியோ

முதல் சில வாரங்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, இதற்கு ஈடு கிடையாது. கட்டிலின் உயரம், குளியலறை வாசல் மேடு, ஈரத் தரை, வாக்கர் நுழையாத கழிப்பறைக் கதவு, எழும்போது வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இவை எல்லாம் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பாட்டி கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா என்பதுதான் முதல் மாதத்தின் உண்மையான பரீட்சை. அதை அந்த வீட்டுக் கழிப்பறையில் பார்த்தால்தான் உண்டு.

சென்னை போன்ற ஊர்களில் ஒரு வருகைக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை கேட்பது சாதாரணம். தினமும் என்றால் ஒரு மாதத்துக்கு 15,000த்தில் ஆரம்பிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் வேறு. நாற்பத்தைந்து நிமிடத்தில் பாதி நேரம் சின்னக் கையடக்க மெஷினும் நீவிவிடுவதுமாகப் போய்விட்டால், பயிற்சிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வருபவர் பையில் அரைக் கிலோ, ஒரு கிலோ எடைப் பட்டைகளும் ஒரு ரப்பர் பட்டையும் இருக்கும். முதல் மாதத்துக்கு அது போதும், மூன்றாவது மாதத்துக்குப் போதாது. நிறுவனம் வழியாக ஏற்பாடு செய்தால் இன்று ஒருவர், நாளை வேறொருவர் வருவார். நேற்று எத்தனை கிலோ என்பது யாருக்கும் தெரியாது. முப்பது வருகைக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். பத்துக்குக் கட்டி, பத்தாவது நாள் கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்ததைப் பேசலாம்.

செலவு கட்டாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தினமும் வர அவர்களால் முடியாது; ஆனால் வந்து பார்த்துச் சொல்லிக்கொடுத்துப் போனாலே, நடுவில் நீங்களே செய்துகொள்ளலாம்.

## கிளினிக் அல்லது மருத்துவமனைப் பிரிவு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் பலனும் இங்கேதான் அதிகம்.

திரைச்சீலை போட்ட கட்டில்கள். தொடையில் நாலு ரப்பர் பேட் ஒட்டி, அடியில் ஈரப் பஞ்சு வைத்து, வெல்க்ரோ பட்டையால் இறுக்கி, டைமரை இருபது நிமிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நோயாளி செல்போனை எடுப்பார். மணி அடிக்கும். பக்கத்துக் கட்டிலில் அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையால் செய்யும் சிகிச்சை). அப்புறம் காலை நாலு முறை மடக்கி நீட்டி அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வருபவர்களே ஒரு நாள் மெஷினை எடுக்காவிட்டால், “சார், இன்னிக்கு கரண்ட் வைக்கலையா?” என்று குறைப்படுவார்கள். காசுக்கு ஏதோ குறைந்துவிட்ட மாதிரி.

‘கரண்ட்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வலிக்கு வைப்பது. குறுகுறுவென்று ஊரும், சுகமாக இருக்கும், தூக்கம்கூட வரும். தசையை அது வளர்க்காது. இன்னொன்று தசைக்கு வைப்பது. தொடையின் முன்பக்கம் பெரிய பேட்கள் ஒட்டி, தசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறுகித் துடிக்கும் அளவுக்கு வைப்பார்கள். பத்து வினாடி இறுகும், ஐம்பது வினாடி ஓய்வு, இப்படிப் பத்துப் பதினைந்து முறை. இறுகும்போது நீங்களும் கூடவே முட்டியை அழுத்த வேண்டும். சுகமாக இருக்காது. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில், தசை சொன்னபடி கேட்காத நேரத்தில், இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்களுக்கு வைத்திருப்பது எது என்று தெரிய வேண்டுமா? அந்த நேரத்தில் உங்களால் நிம்மதியாக செல்போன் பார்க்க முடிந்தால், அது வலிக்கானது.

நல்ல கிளினிக்கில் இன்னொரு வசதியும் வர ஆரம்பித்திருக்கிறது. தொடையின் மேற்பகுதியில் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தை ஓரளவு குறைத்துவிட்டு, லேசான எடையில் செய்யும் பயிற்சி. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ தன் உடம்பிலேயே சோதித்து உருவாக்கிய முறை அது. 1973இல் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டபோதும் அதைத்தான் செய்தார். ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 20, 30 சதவீதத்திலேயே தசை வளர வைக்கிறது என்பதால், அதிக பாரம் தாங்கக் கூடாத காலகட்டத்துக்குப் பொருத்தம். ஆனால் அழுத்தத்தை அளந்து கட்ட வேண்டும். ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டு வந்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. ஆன்லைனில் பட்டை வாங்கி வீட்டில் இறுக்கிக் கட்டிக்கொள்கிற விஷயம் அல்ல இது.

அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவில் கட்டணம் இல்லை. அங்கே மறைந்திருக்கும் செலவு நேரம். காலை மடக்க முடியாதவரை ஆட்டோவில் குறுக்காக உட்கார வைத்து, கூட ஒருவர் லீவு போட்டு, வரிசையில் காத்திருந்து, திரும்பி வருவதற்குள் அரை நாள் போய்விடும். தனியார் கிளினிக்கிலும் போக வர ஆட்டோ கூலி பல நேரம் கட்டணத்தைத் தாண்டும். அந்தக் குலுக்கலில் முட்டி வீங்கி, செய்த பயிற்சியின் பலனைப் பாதி தின்றுவிடுவதும் உண்டு.

யாருக்கு இது சரி? முட்டி ஜவ்வு ஆபரேஷன், முட்டிக்குள் போன எலும்பு முறிவு, முட்டி மடங்காமல் இறுகிக்கொண்டிருக்கும் கால், இரண்டு வாரமாகியும் காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொங்குகிற கால். இவற்றுக்குக் கைதேர்ந்தவரின் கண்ணும் கையும் தேவை, தாமதிக்கவும் கூடாது. ஆனால் தினமும் போக வேண்டிய அவசியம் இல்லை. வாரம் இரண்டு, மூன்று நாள் போய், மற்ற நாளில் வீட்டுப் பாடம் செய்தால் போதும். தினமும் வரச்சொல்லிவிட்டு வீட்டுக்கு எந்தப் பயிற்சியும் எழுதித் தராத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

## நாமே வீட்டில் செய்வது

இதை ஏழைக்கு ஏற்ற இரண்டாம் தர வழி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். இரண்டும் ஆஸ்திரேலியாவில் நடந்தவை. கணுக்கால் முறிந்து கட்டுப் பிரித்த 214 பேரில் ஒரு பாதிக்கு பிசியோவின் மேற்பார்வையில் பயிற்சி, மறு பாதிக்கு ஒரே ஒரு முறை ஆலோசனை மட்டும் என்று பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். இன்னொன்று 2017இல் வந்தது. முட்டி மாற்று ஆபரேஷன் முடித்து 10 நாள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயிற்சி செய்தவர்களுக்கும், நேரே வீட்டுக்குப் போய்க் கண்காணிப்போடு வீட்டிலேயே செய்தவர்களுக்கும் நடையில் வித்தியாசம் இல்லை.

எனக்கு வருமானம் தராத செய்திதான், ஆனாலும் சொல்ல வேண்டும். சிக்கல் இல்லாத முறிவு, ஒழுங்காகச் செய்யும் ஆள், எழுதிக் கொடுத்த தாள் ஒன்று, இந்த மூன்றும் இருந்தால் வீடே போதும். அந்தத் தாளும் யாராவது உங்கள் காலைப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும், யூடியூபிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.

இதன் பலவீனம் பாரம்தான். வீட்டில் செய்பவர்களில் பலர் காலை நேராகத் தூக்கி இறக்குவதை இருபது, முப்பது, ஐம்பது என்று எண்ணிக்கையில் ஏற்றிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை ஏறினால் பொறுமை வளரும், தொடை அவ்வளவாக வளராது. பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, இரு முனையும் தைத்து, உள்ளே பிளாஸ்டிக் உறையில் மணலைக் கட்டிப் போட்டால் எடைப் பட்டை தயார். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து ஒரு கிலோ, ஒன்றரை, இரண்டு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து எழுவதில், நல்ல காலை ஒரு அடி முன்னே தள்ளி வைத்தால் எடை அடிபட்ட காலுக்குப் போகும். அப்புறம் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். அதன் பிறகு படி. ஒரு படிக்கட்டு இருக்கும் வீட்டில் தொடைக்குத் தேவையான முக்கால்வாசி உபகரணம் வந்துவிட்டது.

‘20 கிலோ வரை மட்டும் ஊன்றலாம்’ என்று டாக்டர் சொல்லியிருந்தால், அது எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் செய்ய வேண்டாம். குளியலறையில் வைக்கும் எடை மெஷினில் அந்தக் காலை வைத்து, முள் 20ஐத் தொடும் வரை ஊன்றிப் பார்த்து, அந்த உணர்வைப் பழகிக்கொள்ளுங்கள். ஊன்றவே கூடாத நாட்களில் நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால், நரம்பு வழியாக அடிபட்ட காலின் பலமும் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விஷயம்.

செலவு கிட்டத்தட்ட இல்லை. மறைந்திருக்கும் விலை, தனியாகச் செய்யும்போது வரும் சோர்வும், முட்டி இறுகிக்கொண்டு போவது தெரியாமல் போவதும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரிடமாவது காலைக் காட்டிவிடுவது இந்த வழியின் காப்பீடு.

## ஜிம்

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்ன பிறகு, அல்லது ஜவ்வு ஆபரேஷனில் சுமார் மூன்று மாதம் கடந்து டாக்டர் சம்மதித்த பிறகு, நான் பெரும்பாலானவர்களை அனுப்புவது இங்கேதான். அதிலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை வற்புறுத்தியே அனுப்புகிறேன். “இந்த வயசுல ஜிம்மா தம்பி?” என்பார்கள். தசையை இழப்பது வேகமாகவும் திரும்பப் பெறுவது மெதுவாகவும் இருக்கிற வயசு அதுதான் அம்மா என்பேன்.

காரணம் எளிது. லெக் பிரஸ் மெஷினில் (உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளுவது) இன்று 20 கிலோ, அடுத்த வாரம் 25 என்று எடைத் தட்டுகளில் ஒரு ஊசியை மாற்றிக் குத்தினால் போதும். சாதாரண ஜிம்மில் மாதக் கட்டணம் வீட்டுக்கு வரும் பிசியோவின் இரண்டு, மூன்று வருகைக்கான காசு. எட்டிலிருந்து பன்னிரண்டு முறைக்கு மேல் முடியாத எடை, மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள். இதற்கு மேல் சூத்திரம் எதுவும் இல்லை.

ஒரு கண்டிப்பான விதி: ஒற்றைக் காலில் செய்யுங்கள். இரண்டு காலையும் வைத்துத் தள்ளினால் நல்ல கால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேலும் கொழுக்கும், சூம்பியது சூம்பியபடியே இருக்கும். அடிபட்ட காலை முதலில் செய்து, அதனால் எத்தனை முடிந்ததோ அத்தனையோடு நல்ல காலையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜிம்மின் ஆபத்து பயிற்சியாளரின் உற்சாகம். ஜவ்வு ஆபரேஷன் ஆனவரை உட்கார்ந்து காலை நீட்டும் மெஷினில் முழு நீட்டலுக்கு, அதிக எடையில், சீக்கிரமே விடுவது. தொடையின் பின்தசையிலிருந்து நாண் எடுத்து ஜவ்வு வைத்தவரைச் சில வாரத்திலேயே அந்தப் பின்தசைக்கு எடை போடச் சொல்வது. முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவரைத் தரை வரை உட்காரச் சொல்வது. எது கூடாது என்று பிசியோவிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். அளவு மீறிவிட்டதா என்று மறுநாள் காலை முட்டியே சொல்லும். வீங்கியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். தொடையில் வலி மட்டும் என்றால் அது தசை வலி, போகட்டும்.

விளையாட்டுக்குத் திரும்ப நினைக்கும் பையன்களுக்கு: ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைந்தது என்று நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அடிபட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தைத் தொடாமல் மைதானத்தில் இறங்காதீர்கள். ஆறாவது மாதம் ஓட முடிகிறது என்பது எந்தச் சான்றிதழும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | வீட்டு பிசியோ | கிளினிக் | நாமே | ஜிம் |
|---|---|---|---|---|
| பாரம் ஏறுமா | ஒரு கிலோ, இரண்டு கிலோ வரை | இடத்தைப் பொறுத்தது | முயன்றால் ஓரளவு | தாராளமாக |
| பார்க்கும் கண் | நன்று | நன்று | இல்லை | அரைகுறை |
| மறை செலவு | முன்பணம், ஆள் மாறுவது | ஆட்டோ, அரை நாள் லீவு | இறுகுவது தெரியாமல் போவது | உற்சாக மிகுதி |
| உகந்த காலம் | முதல் 2–6 வாரம் | முதல் 3 மாதம் | எல்லாக் காலமும், மற்றதோடு சேர்த்து | 3 மாதத்துக்குப் பின் |
| யாருக்கு | முதியவர், மாடி வீடு | ஜவ்வு, இறுகிய முட்டி | எளிய முறிவு | அனுமதி பெற்ற எல்லோரும் |

நீச்சல் குளம் கிடைத்தால் நல்லது. இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். புண் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் குளம் இருக்கிறது? வீட்டு சைக்கிள் மெஷின் முட்டி சுமார் 110 டிகிரி மடங்கிய பிறகுதான் முழுச் சுற்று சுற்றும். அசைவுக்கு நல்லது, தசைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

## எண்ணெயும் ஆட்டுக்கால் சூப்பும்

இவை இரண்டும் எல்லா வீட்டிலும் உண்டு, அதனால் விட்டுவிட முடியாது.

எண்ணெய் தேய்த்து நீவுவது இதமாக இருக்கும், இறுக்கம் குறையும், தசை வளராது. ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் கெண்டைக்காலை யாரும் அழுத்தி நீவக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

ஆட்டுக்கால் சூப்பில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசைக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் கிடையாது. ருசிக்குக் குடியுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். தசை திரும்ப வளர, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை ஒரு நாளைக்குப் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72இல் ஆரம்பிக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் அளவு. காலையில் நாலு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்று ‘பத்தியமாக’ப் படுக்க வைத்தால் பாதிகூடத் தேறாது. முட்டை, மீன், கோழி, சைவம் என்றால் பால், பனீர், சுண்டல், வேர்க்கடலை, சோயா என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

## என்னைக் கேட்டால்

60 வயதுக்கு மேல் முட்டி மாற்று ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு: இரண்டு வாரம் வீட்டு பிசியோ, அதன் பிறகு வாரம் ஒருமுறை மட்டும் வரச்சொல்லி மற்ற நாளில் வீட்டுப் பயிற்சி, மூன்றாவது மாதத்திலிருந்து ஜிம் அல்லது கிளினிக்கின் எடை மெஷின். முதல் மாதம் தினமும் வரவழைக்கும் காசில் பாதியை ஒதுக்கி வைத்தால் மூன்றாவது மாதத்துக்கு ஆகும்.

முட்டி ஜவ்வு: ஆரம்பத்திலிருந்து கிளினிக், வாரம் இரண்டு நாள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பின் ஜிம், மாதம் ஒருமுறை பிசியோவிடம் காட்டுவது.

எளிய கணுக்கால் முறிவு: வீடு. கூடவே கெண்டைக்காலை மறக்காதீர்கள். எல்லோரும் தொடையையே அளந்துகொண்டிருப்பார்கள், நடையை முன்னே தள்ளுவது கெண்டைக்கால். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் 20, 25 முடிகிறது, அடிபட்டதில் 6 என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

முட்டிக்குள் போன முறிவுக்குப் பிளேட் வைத்து, மாதக்கணக்கில் ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்டவர்: முதலில் மடக்குவதற்காகக் கிளினிக், ஊன்ற அனுமதி வந்தபின் மறுபடி கிளினிக், நடுவில் வீடு. இங்கே சொல்லும் எல்லோரிலும் நீண்ட பயணம் இவருடையதுதான். தசை திரும்ப ஒரு வருடம் ஆனாலும் அசாதாரணம் இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்: வீட்டு பிசியோ, வேறு யோசனையே வேண்டாம்.

தேறுகிறதா என்று பார்க்க, முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே இரு தொடையையும் டேப்பால் அளந்து மாதம் ஒருமுறை எழுதுங்கள். ஆனால் டேப் பொய்யும் சொல்லும். வீக்கத்தையும் கொழுப்பையும் தசையாகக் காட்டிவிடும். ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பது அதைவிட நேர்மையான கணக்கு.

எந்த வழியில் போனாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள் மாறாது: கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலிப்பது, மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, காய்ச்சலோடு தையலில் நீர் கசிவது, நேற்று வரை தூக்கிய காலை இன்று தூக்கவே முடியாதது.

அடுத்த ரெவ்யூவுக்குப் போகும்போது டாக்டரிடம் மூன்றை எழுதி வாங்கிவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு எடை ஊன்றலாம், முட்டியை எத்தனை டிகிரி வரை மடக்கலாம், எந்தப் பயிற்சி எப்போது வரை கூடாது. அதே தாளில் பிசியோதெரபி எத்தனை அமர்வு என்றும் எழுதச் சொல்லுங்கள். பல மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் செலவைத் தருகின்றன, ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் பில்லும் இல்லாமல் கிளெய்ம் நகராது.